ஜேசிபி முன் பக்கெட் ஏறுவதும் இறங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண் அள்ளுகிற வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் ஜேசிபிதான். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் கம்பெனி, முன்னால் அள்ளவும் பின்னால் தோண்டவும் ஒரே வண்டியை 1953-ல் கொண்டு வந்தது. 1979 முதல் அது ஃபரிதாபாத் பக்கம் பல்லப்கரிலும் தயாராகிறது. இந்தப் பக்கத்தில் பேசப் போவது அந்த வகை வண்டியின் முன் பக்கெட்டைப் பற்றி மட்டும். புதிதாக லிவர் பிடிக்கும் பையன்கள், வண்டி வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள், வாடகைக்கு எடுத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

கணக்குக்காகச் சொல்லியிருக்கும் அளவுகள் புரிவதற்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் வண்டியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

லிவரை இழுத்தா பக்கெட் மேல போகுது. நடுவுல என்னதான் நடக்குது?

எஞ்சின் ஓடும்போது அதோடு சேர்ந்து ஒரு பம்பு சுற்றுகிறது. அது டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி கண்ட்ரோல் வால்வுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வால்வுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்பூல் உண்டு. ஸ்பூல் என்றால் பள்ளம் பள்ளமாகக் கடைந்த ஒரு இரும்புத் தண்டு, அவ்வளவுதான். நீங்கள் லிவரை அசைத்தால் அந்தத் தண்டு சில மில்லிமீட்டர் நகரும், ஒரு வழி அடைபட்டு இன்னொரு வழி திறக்கும்.

தூக்குகிற பக்கம் இழுத்தால், ஆயில் இரண்டு லிஃப்ட் சிலிண்டர்களின் (சிலர் ஜாக்கி என்பார்கள்) அடிப்பக்கம் போய் பிஸ்டனைத் தள்ளும், ராடு வெளியே வரும், ராடின் நுனி பக்கெட்டைத் தாங்கும் லோடர் ஆர்மைத் தூக்கும். அதே நேரம் பிஸ்டனுக்கு மறுபக்கம் இருந்த ஆயில் அதே ஸ்பூலின் இன்னொரு பள்ளம் வழியாக டேங்குக்குத் திரும்பும். இந்தத் திரும்பும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே ஆயில் வரவே முடியாது. பின்னால் வரும் கோளாறுக் கேள்விகளில் பாதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கட்டை விரல் தடிமன் ஹோஸ்ல போற ஆயில் எப்படிங்க அவ்வளவு மண்ணைத் தூக்கும்?

முன் பக்கெட் சுமார் ஒரு கன மீட்டர் கொள்ளும். ஈரமண் என்றால் ஒன்றரை டன்னைத் தாண்டும். தூக்குவது ஹோஸின் தடிமன் இல்லை, பிஸ்டனின் பரப்பு. மூடிய இடத்தில் உள்ள திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 100 மி.மீ. குறுக்களவு உள்ள சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீட்டருக்கு 200 கிலோ அழுத்தம் கிடைத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் 15,700 கிலோ தள்ளும். இரண்டுக்கும் சேர்த்து 31 டன்னுக்கு மேல்.

அந்த 31 டன் அப்படியே பக்கெட்டில் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ராடு 80 செ.மீ. வெளியே வந்தால் பக்கெட் மூன்று மீட்டருக்கு மேல் ஏறுகிறது. தூரம் நாலு மடங்கு கூடினால் தூக்கும் பலம் நாலில் ஒரு பங்காகும், அதிலும் ஆர்ம், பக்கெட் இரண்டின் சொந்த எடை கழிய வேண்டும். ஓசியில் எதுவும் கிடைப்பதில்லை.

பம்பு எப்பவும் 200 கிலோ பிரஷர் கொடுத்துட்டே இருக்குமா?

இல்லை. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பம்பு தருவது ஆயில் ஓட்டத்தை மட்டும், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று. அழுத்தத்தை உண்டாக்குவது எதிரே இருக்கும் லோடு. காலி பக்கெட்டைத் தூக்கும்போது கேஜில் பார்த்தால் முள் கொஞ்சம்தான் நகரும், நிறைய மண்ணோடு தூக்கினால் அதிகம் ஏறும், மண்மேட்டில் பக்கெட் மாட்டிக்கொண்டு அசையவில்லை என்றால் உச்சத்துக்குப் போகும்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இறுக்கம் வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, நீங்கள் எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள் என்பது வேறு விஷயம். வேகம் ஓட்டத்தால் வருகிறது, பலம் அழுத்தத்தால் வருகிறது. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மெக்கானிக் சொல்வதில் எது சரி, எது சும்மா அடித்து விடுவது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

லிவர் நடுவுல இருக்கும்போதும் பம்பு ஓடுதே, அந்த ஆயில் எங்க போகும்?

சாதாரண கியர் பம்பு வண்டிகளில் லிவர் நடுவில் இருந்தால் ஸ்பூலின் நடுவழி திறந்திருக்கும். பம்பிலிருந்து வரும் ஆயில் எந்த வேலையும் செய்யாமல் வால்வுக்குள் நுழைந்து, ஃபில்டரும் கூலரும் தாண்டி டேங்குக்கே திரும்பும். எதிர்ப்பு இல்லாததால் அழுத்தமும் மிகக் குறைவு, எஞ்சினுக்கும் சுமை தெரியாது. சிலிண்டருக்குப் போகும் இரண்டு வழிகளையும் ஸ்பூல் அடைத்து நிற்பதால் உள்ளே சிக்கிய ஆயில் பக்கெட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

லிவரைக் கொஞ்சமாக அசைத்தால் நடுவழி பாதி மூடி, சிலிண்டர் வழி பாதி திறக்கும். அதனால்தான் நல்ல ஆபரேட்டர் பக்கெட்டை மெதுவாக, நூல் பிடித்த மாதிரி நகர்த்த முடிகிறது. இது சுவிட்ச் இல்லை, போட்டால் எரிய, அணைத்தால் அணைய. சடக் சடக்கென்று இழுக்கிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எந்தப் பக்கம் தள்ளினா என்ன ஆகும்? ஒரு லிவர்லயே நாலு வேலையா?

வழக்கமான அமைப்பு இது: உங்கள் பக்கம் இழுத்தால் ஆர்ம் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும், இடது பக்கம் சாய்த்தால் பக்கெட் உள்ளே மடங்கும், வலது பக்கம் சாய்த்தால் கொட்டும். அடியில் இரண்டு ஸ்பூல்கள் இருக்கின்றன, ஒன்று லிஃப்டுக்கு, ஒன்று பக்கெட்டுக்கு. லிவரைக் குறுக்காகத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து நகரும். வேறு கம்பெனி வண்டியில் ஏறினால் முதலில் திறந்த இடத்தில் நாலு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், சுவர் ஓரத்தில் நின்று பரிசோதிக்க வேண்டாம்.

முன்னால முழுசாத் தள்ளினா லிவர் அப்படியே நின்னுக்குதே, அது என்ன?

அதுதான் ஃப்ளோட். இறக்கும் நிலையைத் தாண்டி இன்னும் தள்ளினால் ஒரு பல்லில் விழுந்த மாதிரி லிவர் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சிலிண்டரின் இரண்டு பக்கமும் டேங்கோடு இணைந்துவிடும். பம்பு தள்ளுவதும் இல்லை, ஆயில் சிக்கி நிற்பதும் இல்லை. பக்கெட் தன் எடையில் தரையில் உட்கார்ந்து, மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். பின்னோக்கி வந்து கிராவலை நிரவுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் பக்கெட் மேலே இருக்கும்போது ஃப்ளோட்டில் போட்டால் தாங்குவதற்கு எதுவும் இல்லை, பொத்தென்று விழும். முதலில் தரையில் வைக்க வேண்டும், அப்புறம்தான் ஃப்ளோட்.

ரேஸ் கொடுத்தா வேகமா தூக்குது. அப்ப ரேஸ் கொடுத்தா வெயிட்டும் அதிகமா தூக்குமா?

தூக்காது. எஞ்சின் வேகம் கூடினால் பம்பு வேகம் கூடும், ஓட்டம் கூடும், பக்கெட் வேகமாக ஏறும். எவ்வளவு எடை என்பதை முடிவு செய்வது ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலை டேங்குக்கு விடுவது) எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது. அது ரேஸைப் பார்ப்பதில்லை.

மெதுவான ஓட்டத்தில் தூக்கவே மாட்டேன் என்கிற லோடு ரேஸ் கொடுத்தால் ஏறுகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஐடிலில் எஞ்சினுக்கே திராணி இல்லாமல் திணறி அணையப் பார்க்கலாம், அது இயல்பு. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டே இருந்தும் தூக்கவில்லை என்றால் பம்புக்குள்ளோ வால்வுக்குள்ளோ ஆயில் கசிந்து பின்னால் போகிறது. மெதுவாகச் சுற்றும்போது வருகிற கொஞ்ச ஓட்டமும் அந்தக் கசிவிலேயே போய்விடும், வேகமாகச் சுற்றினால் கசிவு போக மீதி இருக்கும். பம்பு தேய்மானத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான்.

ஏறும்போது மெதுவா, இறங்கும்போது வேகமா போகுதே, ஏன்?

எடை உதவுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, பிஸ்டனின் ராடு பக்கத்தில் ராடே இடத்தை அடைத்துக்கொள்வதால் நிரப்ப வேண்டிய ஆயில் குறைவு. முன்பு சொன்ன 100 மி.மீ. சிலிண்டரில் 50 மி.மீ. ராடு என்றால் அந்தப் பக்கப் பரப்பு 59 சதுர செ.மீ.தான். பம்பு நிமிடத்துக்கு 100 லிட்டர் தந்தால் இரண்டு சிலிண்டரும் 80 செ.மீ. ஏற ஏழரை விநாடி ஆகும், லோடே இல்லாமல் இறங்க ஆறு விநாடிக்கும் குறைவு.

லோடோடு இறங்கும்போது பம்பு நிரப்புவதைவிட வேகமாக ராடு உள்ளே போய்விடலாம். அப்போது ராடு பக்கம் வெற்றிடம் உண்டாகும். அதைத் தவிர்க்க டேங்குக்குத் திரும்பும் ஆயிலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் சின்ன வால்வு வைத்திருப்பார்கள், ஆனாலும் முழுதாக நிரம்பாது. பக்கெட் தரையைத் தொட்டபின் லிவரைத் தள்ளியே வைத்திருந்து பாருங்கள்: ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம்தான் முன் வீல் எழும்பும். அந்த ஒரு கணம் வெற்றிடம் நிரம்பும் நேரம். இதைப் பார்த்துவிட்டு பம்பு வீக் என்று வண்டியை ஷெட்டில் விட்டவர்கள் உண்டு.

லோடோட நிறுத்தி மறுபடி தூக்கினா, முதல்ல லேசா இறங்கிட்டு அப்புறம் ஏறுது. பயமா இருக்கு.

லிவரை நகர்த்தும் அந்த முதல் நொடியில் சிலிண்டரில் ஏற்கனவே லோடால் உண்டான அழுத்தம் இருக்கிறது, பம்பு பக்கம் இன்னும் அழுத்தம் ஏறவில்லை. வழி திறந்ததும் ஆயில் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் ஓடப் பார்க்கும். அது பின்னோக்கி ஓடாமல் இருக்கவே ஸ்பூலுக்கு முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒருவழி வால்வு இருக்கிறது. லோடு செக் வால்வு என்பார்கள்.

அதில் தூசியோ இரும்புத் துகளோ உட்கார்ந்தால், அல்லது வால்வு உட்கார்ந்து அடைக்கும் இடம் தேய்ந்தால், நீங்கள் சொல்கிற இறக்கம் வரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பல நேரம் சரியாகிவிடும். விலை குறைந்த சாமான், ஆனால் லோடு மேலே இருக்கும்போது கழற்றக் கூடாது, பக்கெட் தரையில் இருக்க வேண்டும்.

தூக்கிக்கிட்டே பக்கெட்டை மடக்கினா ஆர்ம் நின்னுடுது. கோளாறா?

கோளாறு இல்லை. ஓட்டம் ஒன்றுதான், வழி இரண்டு. ஆயில் எதிர்ப்பு குறைவான பக்கம்தான் போகும், அழுத்தத்தை உண்டாக்குவது லோடுதான் என்று மேலே சொன்னோமே, அதன் தொடர்ச்சி இது. ஆர்மைத் தூக்க அதிக அழுத்தம் வேண்டும், பக்கெட்டை மடக்கக் குறைவாகப் போதும். எல்லா ஆயிலும் பக்கெட் சிலிண்டருக்கு ஓடிவிட, ஆர்ம் நின்றுவிடும். அனுபவப்பட்டவர்கள் பக்கெட் பக்கம் லிவரைக் கொஞ்சமாக மட்டும் சாய்ப்பார்கள். அந்த வழியை நெருக்கினால் அங்கே எதிர்ப்பு கூடி, மீதி ஆயில் ஆர்முக்குப் போகும். இது கைப்பழக்கம், சொல்லித் தருவதைவிட நாலு டிப்பர் லோடு போட்டால் தானாக வரும்.

பக்கெட் முட்டி நின்ன பிறகும் லிவரைப் பிடிச்சே இருந்தா 'கீங்'னு ஒரு சத்தம் வருது. பிடிக்கலாமா?

அந்தச் சத்தம் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் பீறிட்டு டேங்குக்குப் போகும் சத்தம். பிஸ்டன் கடைசிக்கு வந்துவிட்டது, ஆயில் போக இடமில்லை, பம்போ நிற்காது. ரிலீஃப் மட்டும் இல்லையென்றால் ஹோஸ், பம்பு, சிலிண்டர் இவற்றில் எது பலவீனமோ அது வெடிக்கும்.

ஒரு நொடி என்றால் பரவாயில்லை. பிடித்துக்கொண்டே இருப்பது தப்பு. நிமிடத்துக்கு 100 லிட்டர் ஓட்டம் 200 பார் (ஒரு பார் என்பது சதுர செ.மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ) அழுத்தத்தில் ரிலீஃப் வழியாகப் போனால் அது 33 கிலோவாட், குதிரைத்திறனில் 45. எந்த வேலையும் நடக்காமல் அவ்வளவும் ஆயிலைச் சூடாக்கத்தான் போகும், டீசலும் உங்களுடையது. ஆயில் 80 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) கெட்டிப்பட ஆரம்பிக்கும். மதியம் வரை நன்றாகத் தூக்கிய வண்டி சித்திரை வெயிலில் மூன்று மணிக்குத் தொய்ந்து போகிறது என்பவர்கள், தங்கள் ஆபரேட்டர் எத்தனை தடவை இப்படி முட்டிப் பிடிக்கிறார் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள்.

எஞ்சின் ஆஃப் ஆயிட்டா தூக்கின பக்கெட் விழுந்துடுமா? இறக்க முடியுமா?

உடனே விழாது. சிலிண்டருக்குள் சிக்கிய ஆயில்தான் தாங்குகிறது, அதற்கு பம்பு தேவையில்லை. கம்பியாலோ கேபிளாலோ நேரடியாக ஸ்பூலோடு இணைந்த லிவர் என்றால் எஞ்சின் இல்லாமலும் இறக்கலாம், லிவரை மெதுவாக முன்னால் தள்ளினால் எடையில் தானே இறங்கும். ஏற்ற முடியாது.

வண்டியைவிட்டு இறங்கும் முன் பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லிவரை நாலு பக்கமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். டீ குடிக்கப் போகிற நேரத்துக்கும் இதே விதிதான்.

சாயங்காலம் தூக்கி வச்ச பக்கெட் காலைல பாத்தா இறங்கியிருக்கு. சீல் போச்சா?

முதலில், தூக்கி வைத்துவிட்டுப் போனதே சரியில்லை. அதை விட்டுவிட்டுப் பார்த்தால், கொஞ்சம் இறங்குவது இயற்கை. சூடான ஆயில் ஆறினால் சுருங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம். 80 டிகிரியில் நிறுத்தி விடியற்காலையில் 30 டிகிரிக்கு வந்தால் மூன்றரை சதவீதம் சுருக்கம். 80 செ.மீ. ராடு வெளியே இருந்தால் அது கிட்டத்தட்ட 3 செ.மீ. உள்ளே போகும், பக்கெட்டில் அது 10 செ.மீட்டருக்கு மேல் தெரியும். போதாததற்கு ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் நகராது. அது வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

ராத்திரி முழுக்கக் கொஞ்சம் இறங்கினால் கவலை வேண்டாம். ஆயில் சூடாக இருக்கும்போது, உங்கள் கண்ணெதிரிலேயே, சில நிமிடத்தில் இறங்குகிறது என்றால் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் எவ்வளவு வரை இறங்கலாம் என்று சர்வீஸ் கையேட்டில் அளவு கொடுத்திருப்பார்கள்.

சீல் கிட் மாத்தியாச்சு, ரெண்டு சிலிண்டருக்கும். இன்னும் இறங்குது. மெக்கானிக் ஏமாத்திட்டாரா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை, தப்பான இடத்தைப் பார்த்திருக்கலாம். லிஃப்ட் சிலிண்டரில் லோடு ராடை உள்ளே தள்ளுகிறது. பிஸ்டன் சீல் கிழிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்க ஆயில் ராடு பக்கம் போகும். ஆனால் ராடு உள்ளே நுழைய நுழைய அது பிடிக்கும் இடத்தின் அளவுக்கு ஆயில் சிலிண்டரைவிட்டே வெளியேற வேண்டும். இரண்டு வழியையும் ஸ்பூல் அடைத்திருந்தால் ஆயில் எங்கே போகும்? அழுத்தம் ஏறும், பக்கெட் லேசாக அமுங்கி நின்றுவிடும். தொடர்ந்து இறங்குகிறது என்றால் சிலிண்டருக்கு வெளியே, அதாவது ஸ்பூல் வழியாகவோ அந்த வழிக்கென்று வைத்திருக்கும் ரிலீஃப் வழியாகவோ, ஆயில் டேங்குக்குப் போகிறது. ராடு சீலில் ஆயில் வெளியே ஒழுகினாலும் இறங்கும், ஆனால் அது கண்ணுக்கே தெரியும்.

பிஸ்டன் சீலுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சீல் போனால் ராடு பக்கத்திலும் அழுத்தம் ஏறி, அந்தப் பக்க ஸ்பூல் கசிவும் சேர்ந்துகொள்ளும், இறக்கம் வேகமாகும். ராடை வெளியே இழுக்கிற மாதிரி லோடு தொங்கும் சிலிண்டர் என்றால் கதையே வேறு. அங்கே ராடு பக்க ஆயில் அடிப்பக்கம் போக இடம் தாராளமாக இருப்பதால், சீல் ஒன்று போனாலே போதும். எனவே சீல் கிட் வாங்கும் முன் பரிசோதிக்கச் சொல்லுங்கள்: ஆர்மை முழுக்கத் தூக்கி, அது விழாமல் தாங்கும் இரும்பு முட்டு கொடுத்து, அழுத்தத்தை விட்டு, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, தூக்கும் பக்கம் அழுத்தம் கொடுத்தால் சிலிண்டரின் திறந்த வாயிலில் ஆயில் விடாமல் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் பிஸ்டன் சீல். வராவிட்டால் வால்வைப் பாருங்கள். இது தெரிந்தவர் செய்கிற வேலை, யூடியூப் பார்த்து நீங்களே இறங்க வேண்டாம். போர்வெல் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடு பக்கம் ஹைட்ராலிக் வேலை தெரிந்த கைகள் நிறைய, கேட்டால் நிமிடத்தில் செய்து காட்டுவார்கள்.

தூக்குற சக்தி குறைஞ்சு போச்சு. புது பம்பு போடணும்ங்கிறாங்க.

பம்பு விலையைக் கேட்டுவிட்டு மயங்கும் முன், எது எது வீக் என்று எழுதுங்கள். முன் ஆர்ம் மட்டும் வீக், பக்கெட் மடங்குவதும் பின் பக்கெட் தோண்டுவதும் பழைய மாதிரியே இருக்கிறது என்றால் பம்பு குற்றவாளி இல்லை, எல்லாவற்றுக்கும் ஆயில் தருவது அதே பம்புதானே. ஆர்முக்கான ஸ்பூல், அதன் ரிலீஃப், சிலிண்டர் சீல் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். எல்லாமே வீக் என்றால் ஆயில் அளவு, டேங்கிலிருந்து உறிஞ்சும் வழியில் உள்ள ஃபில்டர், மெயின் ரிலீஃப், கடைசியாகத்தான் பம்பு.

அடுத்த கேள்வி: மெதுவா, பலமில்லையா? லோடைத் தூக்குகிறது ஆனால் நேரம் எடுக்கிறது என்றால் ஓட்டம் குறைவு. காலி பக்கெட் வேகமாக ஏறுகிறது, லோடு போட்டால் ஏறவே மாட்டேன் என்கிறது என்றால் அழுத்தம் எங்கோ நழுவுகிறது, ரிலீஃப் சீக்கிரம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ் மாட்டிப் பார்க்காமல் பம்பை மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ரிலீஃபை ஒரு ரவுண்டு டைட் பண்ணிட்டா சரியாகிடும்னு சொல்றாங்களே?

சொல்வார்கள், செய்தும் விடுவார்கள், அன்றைக்குக் கொஞ்சம் நன்றாகவும் தூக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கேஜ் மாட்டி, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவருவது சரியான வேலை. குத்துமதிப்பாக முறுக்கினால் ஹோஸ், சிலிண்டர் வெல்டிங், ஆர்ம் எல்லாம் அவை தாங்க வேண்டியதைவிட அதிகம் தாங்கும். தேய்ந்த பம்பின் கசிவு அழுத்தம் கூடக் கூட அதிகமாகத்தான் போகும்.

லோடோட பின் வீல் தூக்குது. ஹைட்ராலிக் அவ்வளவு பவரா?

பவர் இருக்கிறது, ஆனால் அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. வண்டி கவிழும் எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ரிலீஃப் வால்வு சிலிண்டரைக் காப்பாற்றும், வண்டி கவிழ்வதைத் தடுக்காது. லோடோடு போகும்போது பக்கெட்டை மடக்கி, தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் கீழேயே வைத்துப் போங்கள், டிப்பர் பக்கத்தில் வந்து நின்றபின் தூக்குங்கள். சரிவில் பக்கெட்டை மேலே வைத்துக்கொண்டு திரும்பவே கூடாது.

ஆயில் அளவு ஒரு நாள் கரெக்டா இருக்கு, ஒரு நாள் குறையுது. லீக்கே இல்லை.

பக்கெட் எந்த நிலையில் இருக்கும்போது பார்த்தீர்கள்? ராடு வெளியே இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் அதிகம், டேங்கில் குறைவு. நம் கணக்குச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 3 லிட்டர் வித்தியாசம் வரும். பின் பக்கெட் சிலிண்டர்கள் இதற்கு மேல். சமதரையில், கையேட்டில் சொன்ன நிலையில் எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் பார்த்து ஆயில் ஊற்றினால், இறக்கும்போது டேங்க் நிரம்பி வழியும்.

ஆயில் பாலாடை நிறத்தில் கலங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்ற வேண்டியதுதான். நுரை வந்தால் காற்று, பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் இடையே உள்ள ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருக்கும். அங்கே அழுத்தம் குறைவு என்பதால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் லீக் கண்ணுக்குத் தெரியாது, பக்கெட் மட்டும் விக்கி விக்கி ஏறும். ஆயில் தரம் (அதன் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) 46-ஆ 68-ஆ என்று சண்டை வேண்டாம், கையேடு உங்கள் ஊர் வெப்பநிலைக்கு எதைச் சொல்கிறதோ அது. கலப்பது மட்டும் வேண்டாம்.

ஹோஸ்ல எங்கயோ பொடியா பீச்சுது. கையால தடவிப் பாத்து கண்டுபிடிக்கலாமா?

கூடவே கூடாது. ஊசித் துளையில் இருந்து அந்த அழுத்தத்தில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையுறை போட்டிருந்தாலும். வெளியே பார்த்தால் ஒரு சின்னப் புள்ளிதான், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் வீங்கி, விரலையே எடுக்கிற நிலைக்குப் போகலாம். அட்டையைத் தூரத்தில் பிடித்து நனைகிறதா என்று பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தோடு ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

ஹோஸ் முழுதாக வெடித்தால் சிலிண்டர் ஆயிலுக்குத் தடையே இல்லை, பக்கெட் விழும். சிலிண்டர் வாயிலேயே அதைத் தடுக்கும் வால்வு சில வண்டிகளில் இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. உங்களுடையதில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தூக்கி வச்சிட்டு அடியில போய் கிரீஸ் அடிக்கலாமா? ரெண்டு நிமிஷ வேலைதானே.

சிலிண்டர் ராடின் மேல் உட்காரும் இரும்பு முட்டு வண்டியோடு வந்திருக்கும், ஆர்ம் ஓரத்தில் பின் போட்டு மாட்டியிருப்பார்கள். பல வண்டிகளில் அது பெயிண்ட் கூட உரியாமல் புதுசாகவே தொங்குகிறது. அதை ராடில் பொருத்தி, ஆர்மை அதன் மேல் மெதுவாக இறக்கி, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகு போங்கள். ஜல்லிக் கல், மரக்கட்டை எல்லாம் முட்டு ஆகாது. ஹைட்ராலிக் மட்டும் தாங்கும் பாரத்துக்கு அடியில் போவதற்கு ரெண்டு நிமிஷம், ரெண்டு நொடி என்ற கணக்கே கிடையாது, கேபினில் சின்னப் பையன் ஏறி லிவரைத் தொட்டாலே போதும்.

புது வண்டில லிவர் விரலால தொட்டாலே நகருது. உள்ள எல்லாமே மாறிடுச்சா?

சிலிண்டரும் ஸ்பூலும் அப்படியேதான். ஸ்பூலைத் தள்ளுவது மட்டும் மாறியிருக்கிறது. சிலவற்றில் ஜாய்ஸ்டிக் குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் ஆயிலை அனுப்பி ஸ்பூலை நகர்த்தும், சிலவற்றில் கரண்ட் சிக்னல் போய்ச் சின்ன மின்வால்வு அந்த வேலையைச் செய்யும். பம்பும் சிலவற்றில் லோடு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு மட்டும் ஓட்டம் தருகிற வகை. லிவர் நடுவில் இருந்தால் முழு ஓட்டத்தையும் சுற்றவிடாது, டீசல் மிச்சம். அந்த வகை பம்போடு வரும் வால்வில் ஆர்மும் பக்கெட்டும் ஒன்றையொன்று நிறுத்தாமல் சேர்ந்தும் நகரும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எஞ்சின் அணைந்தாலும் லிவரால் இறக்கலாம் என்று மேலே சொன்னது நேரடி லிவருக்கு. ஜாய்ஸ்டிக் வண்டியில் ஸ்பூலைத் தள்ளவே ஆயில் அழுத்தமோ கரண்டோ வேண்டும். அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் சின்ன அக்குமுலேட்டர் இருந்தால் சாவியை ஆன் நிலையில் வைத்துச் சில தடவை இறக்கலாம். இல்லையென்றால் வால்வு ஓரத்தில் கையால் திறக்கும் இறக்கும் திருகு எங்கே என்று, வண்டி டெலிவரி எடுக்கிற அன்றைக்கே அவர்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.